செயின்ட்ஸ் ரோ 2022: விமர்சகர்களின் தீர்ப்பும் ரசிகர்களின் கோபமும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 27 ஆகஸ்ட் 2022

“புதிய செயின்ட்ஸ் ரோ வீடியோ கேம் வெளிவந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் சராசரி, நூற்றுக்கு 60-க்கும் 70-க்கும் நடுவே போய் நின்றுவிட்டது. நான் இருபது மணி நேரம் விளையாடிவிட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது. சென்ற ஆண்டு ட்ரெய்லர் வந்த அன்றே இதை வெறுப்பது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள், விமர்சகர்களும் அவர்களோடு சேர்ந்து ஒத்து ஊதுகிறார்கள் என்பது என் கருத்து. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?”

28 ஆகஸ்ட் 2022

முடியும், ஆனால் பாதி மட்டும்.

ட்ரெய்லரைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 2021 ஆகஸ்ட் 25 அன்று கேம்ஸ்காம் விளையாட்டுக் கண்காட்சியின் தொடக்க விழாவில், பழைய தொடரைப் புதிய கதையோடு மீண்டும் தொடங்கும் இந்த மறுதொடக்கம் அறிவிக்கப்பட்ட இரவே பழைய ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். பழைய பாகங்களின் முக்கியக் கதாபாத்திரமான ஜானி காட் இல்லை, பழைய ஸ்டில்வாட்டர் நகரம் இல்லை, கும்பலின் ஊதா நிறமும் பெயரும் மட்டும் மிச்சம் என்ற குறை அப்போதே எழுந்துவிட்டது. விளையாட்டு முதலில் 2022 பிப்ரவரியில் வருவதாக இருந்து ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதமும் கோபம் தணியவில்லை.

ஆனால் விமர்சகர்கள் அந்தக் கோபத்தை எதிரொலிக்கவில்லை. இரண்டு தரப்பின் குறைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பது தெரியும். பழைய ரசிகர்கள், எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். விமர்சகர்களோ, வரைபடம் முழுக்கச் சிதறிய சிறு வேலைகள், அலை அலையாக வந்து சாகும் எதிரிகள், துப்பாக்கிச் சண்டையின் கனமின்மை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, பத்து ஆண்டுகளாக எதையுமே மாற்றவில்லை என்று எழுதுகிறார்கள். ஒரே விளையாட்டின் மீது இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒருசேர எப்படி வர முடியும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது. மாற்ற வேண்டியதை விட்டுவிட்டு, வைத்திருக்க வேண்டியதை மாற்றியிருக்கிறார்கள். இதை இன்னும் விளக்கமாக எழுத வேண்டும்; முழுவதும் விளையாடி முடித்த பிறகு எழுதுகிறேன்.

30 ஆகஸ்ட் 2022

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதிப்பெண் சண்டையில் அது காணாமல் போகிறது.

கதாபாத்திரத்தை உருவாக்கும் பகுதி இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்தது. முகத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக வடிவமைக்கலாம். செயற்கைக் கை கால்களைப் பொருத்தலாம். ஜூன் மாதம் இந்தப் பகுதியை மட்டும் பிரித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போதே ஒரு மாலை முழுவதும் அதிலேயே கழிந்தது. கார் ஓட்டுவதில், பக்கவாட்டில் பாய்ந்து அடுத்த வண்டியை இடிக்க ஒரு தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும், வண்டி ஓட்டுவது பயணமாக மட்டும் இல்லாமல் சண்டையாகவும் ஆகிறது. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பிய சாண்டோ இலேசோ நகரில், சூதாட்ட விடுதிகளின் விளக்கொளியிலிருந்து சில நிமிடங்களில் வெறும் மணலுக்கும் பாறைக்கும் வந்துவிடலாம். இந்தத் தொடரின் முந்தைய நகரங்கள் எதிலும் இவ்வளவு திறந்த வெளி கிடையாது. வாகனங்களுக்கு முன்னால் வேண்டுமென்றே விழுந்து பணம் சேர்க்கும் காப்பீட்டு மோசடியும் திரும்ப வந்திருக்கிறது. உடல் காற்றில் சுழன்று போய் அடுத்த பேருந்தில் மோதும்போது, 2006-இல் முதல் பாகத்தில் சிரித்த அதே சிரிப்பு எனக்கு வந்தது.

பக்குகள் (நிரல் பிழைகள்) ஏராளம் என்று அநேகமாக எல்லா விமர்சனங்களும் எழுதியிருக்கின்றன. மதிப்பெண் 60-களில் நிற்பதற்கு முக்கியக் காரணம் அவைதான் என்பது இன்றைய என் எண்ணம். பிழை திருத்தும் பேட்ச் வந்து அவை சரியானால் பேச்சும் மாறும்.

5 செப்டம்பர் 2022

செயின்ட்ஸ் ரோவை விமர்சகர்கள் என்றைக்குத்தான் மதித்தார்கள், முதல் பாகத்தையே ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) விளையாட்டின் நகல் என்றுதானே சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நகல் என்று சொன்னது உண்மை. ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே 80-ஐ ஒட்டிய மதிப்பெண்ணையும் கொடுத்தார்கள். முதல் பாகம் 2006 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தபோது அந்தக் கருவியில் ஜிடிஏ எதுவும் வந்திருக்கவில்லை. ஜிடிஏ 4 வெளிவந்ததோ 2008 ஏப்ரலில். புதிய தலைமுறைக் கருவியில் ஒரு திறந்த உலகக் குற்ற விளையாட்டுக்காக ஏங்கிக் கிடந்தவர்களுக்கு முன்னால் அது தனியாக நின்றது. இரண்டாம் பாகம் அதே 2008-இன் அக்டோபரில், ஜிடிஏ 4 வந்த ஆறே மாதத்தில் வந்தது. ஜிடிஏ 4 கனமான, துயரமான பாதையை எடுத்துக்கொண்டதால், கட்டற்ற கூத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதில் செயின்ட்ஸ் ரோ உட்கார்ந்துகொண்டது. அந்தத் தொடர் எப்போதும் மற்றவர்கள் விட்டுவைத்த இடத்தில்தான் வாழ்ந்திருக்கிறது. 2022-இல் அப்படி ஒரு காலி இடம் எங்கே இருக்கிறது என்று இந்தத் தொடரை உருவாக்கும் வொலிஷன் ஸ்டுடியோ தேடியதாகவே எனக்குத் தெரியவில்லை.

12 செப்டம்பர் 2022

முடித்துவிட்டேன். ஆகஸ்ட் 28 அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இரண்டாம் பாகத்தை விளையாடாதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிச் செல்லவும். கதையின் மிக முக்கியமான திருப்பத்தைச் சொல்லப் போகிறேன்.

செயின்ட்ஸ் ரோ 2-இல் கார்லோஸ் என்று ஓர் இளைஞன் வருவான். சிறை மருத்துவமனையில் கோமாவிலிருந்து கண்விழிக்கும் பாஸ், அதாவது நாம் இயக்கும் கும்பல் தலைவர், முதலில் சந்திப்பவன் அவன்; தப்பிக்க உதவுபவனும் அவனே. பிரதர்ஹுட் கும்பலின் தலைவன் மேரோ, வருமானத்தில் 20 சதவீதம் உங்களுக்கு, 80 எங்களுக்கு என்று ஓர் ஒப்பந்தத்தை முன்வைக்கிறான். பாஸுக்கு அது அவமானமாகப் படுகிறது. மேரோ பச்சை குத்திக்கொள்ளும் மையில் கதிரியக்கக் கழிவைக் கலக்க ஏற்பாடு செய்து, அவன் முகத்தை வெந்து போகச் செய்கிறார். பிரதர்ஹுட் பதிலடியாகக் கார்லோஸைச் சங்கிலியால் வண்டியின் பின்னால் கட்டித் தெருத்தெருவாக இழுக்கிறது. துரத்திப்போய் வண்டியை நிறுத்திய பிறகும் பாஸால் அந்தச் சங்கிலியைக் கழற்ற முடியவில்லை. கார்லோஸின் உடல் இனிப் பிழைக்காது என்பது இருவருக்கும் தெரிகிறது. பாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சுட்டுவிடுகிறார். அதற்குப் பழிவாங்க, மேரோவின் காதலியை ஒரு காரின் பின்பெட்டியில் அடைத்து, அந்தக் காரை மேரோவே ராட்சத வண்டியால் நசுக்கும்படி செய்கிறார். உள்ளே யார் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

இவ்வளவும் 20 சதவீதம் என்ற ஒரு சொல்லை ஏற்க முடியாத அகந்தையில் தொடங்கியவை. அந்த அகந்தை நம்முடையது. கட்டுப்பாட்டுக் கருவி நம் கையில் இருந்தது. அன்று இரவு அணைத்துவிட்டுப் படுத்தபோது வெற்றி பெற்ற நினைப்பு எனக்கு இல்லை.

இப்போது 2022-க்கு வாருங்கள். நீனா, கெவின், இலாய், பாஸ் என்று நான்கு நண்பர்கள் ஒரே வீட்டில் தங்கி, வாடகை கட்டவே திணறுகிறார்கள். நால்வரும் சேர்ந்து சொந்தமாக ஒரு குற்றக் கூட்டத்தைத் தொடங்குகிறார்கள். இந்தத் தொடக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். படித்து முடித்தும் கடனில் மூழ்கிய தலைமுறையின் கோபம் ஒரு குற்றக் கதைக்கு நல்ல விறகு. கதையின் நடுவே, லாஸ் பாந்தெரோஸ் கும்பல் நீனாவின் காரை அழித்துவிடுகிறது. கார்லோஸ் கதையின் அதே எலும்புக்கூடு: எதிரி நம் தோழரின் மீது கை வைக்கிறான், நாம் திரும்ப அடிக்கிறோம். ஆனால் உயிர் இருந்த இடத்தில் இப்போது ஒரு வாகனம் இருக்கிறது. எதிரி அப்படி அடிப்பதற்கு நாம் செய்த எதுவும் நம் மனத்தை உறுத்துவதும் இல்லை. நால்வரும் ஒருவரோடொருவர் அன்பாகப் பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அந்த அன்புக்கும் அந்தக் கொலைகளுக்கும் இடையிலான இடைவெளியை யாரும் ஒரு கணம் கூட உற்றுப் பார்ப்பதில்லை. நல்லவர்களாக இருந்துகொண்டே நகரத்தையும் கைப்பற்றிவிடலாம் என்று கதை நம்பச் சொல்கிறது. எனக்கு நம்ப முடியவில்லை.

வைத்திருக்க வேண்டியதை மாற்றினார்கள் என்று நான் எழுதியது இதைத்தான். ஜானி காட் இல்லாதது எனக்குக் குறையே இல்லை.

15 செப்டம்பர் 2022

மூன்று நாளுக்கு முன் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன்.

செயின்ட்ஸ் ரோ 2 கனமான துயரக் கதை என்ற எண்ணத்தை அந்தக் குறிப்பு கொடுக்கிறது. அதே விளையாட்டில் மலக்கழிவு லாரியை ஓட்டிச் சென்று வீடுகளின் மீது பீய்ச்சியடித்துச் சொத்து மதிப்பைக் குறைக்கும் வேலையும் இருந்தது. கார்லோஸின் மரணமும் அந்த லாரியும் ஒரே நகரத்தில், சில தெருக்கள் தள்ளி இருந்தன. கூத்து இந்தத் தொடருக்குப் புதிதாக வந்த நோய் என்று சொல்பவர்கள் தங்கள் நினைவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், நானும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் பாகம் 2011-இல் ஸ்டீல்போர்ட் நகருக்குப் போனபோதே கூத்து மேலோங்கிவிட்டது. 2013-இல் வந்த நான்காம் பாகத்தில் பாஸ் அமெரிக்க அதிபர், வேற்றுக்கோள் படையெடுப்பு, கணினிக்குள் கட்டிய போலி நகரம், சூப்பர் சக்திகள், பூமியே அழிந்துபோகிறது. 2015-இன் துணைக் கதை நரகத்தில் நடந்தது. நரகத்துக்குப் பிறகு போக எந்த இடமும் மிச்சமில்லை. ஆகவே தொடக்கத்திற்குத் திரும்புவதைத் தவிர வொலிஷனுக்கு வேறு வழி இருக்கவில்லை. மறுதொடக்கம் செய்ததே தவறு என்பவர்களோடு நான் உடன்படவில்லை.

கார்லோஸை எனக்குள் இவ்வளவு ஆழமாக இறக்கியது விளையாட்டு எழுத்தா அல்லது கடந்துபோன 14 ஆண்டுகளா என்ற கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

4 டிசம்பர் 2022

ஆகஸ்ட் 30 அன்று நான் எழுதிய கணிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

சென்ற மாதம் பெரிய பேட்ச் வந்தது. நிறையப் பிழைகள் சரிசெய்யப்பட்டிருக்கின்றன. பேட்ச் வந்த பின் முதலிலிருந்து மீண்டும் விளையாடினேன், இந்த முறை வேகமாக. நான் நினைத்தது நடக்கவில்லை. பிழைகள் இருக்கும்போது, அவை இல்லாவிட்டால் இந்த விளையாட்டு எப்படி இருக்கும் என்ற கற்பனை ஒன்று கூடவே இருந்தது. அவை விலகிய பிறகு அந்தக் கற்பனையும் போய்விட்டது. எதிரிகள் உயிர்ப் பட்டையைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு வரிசையாக வருகிறார்கள், சுடுகிறோம், பட்டை குறைகிறது, அடுத்த அலை வருகிறது. இதைச் செய்து முடித்தால் பணம், அடுத்த தொழில், அடுத்த வட்டாரம். பக்குகளைக் காரணம் காட்டியவர்களில் நானும் ஒருவன். அடித்தளத்தின் பழமையைப் பற்றி எழுதிய விமர்சகர்கள் என்னைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

தாய் நிறுவனமான எம்பிரேசரும் விளையாட்டு தன் எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றவில்லை என்றும், ரசிகர்களை ஓரளவு இரண்டாகப் பிரித்துவிட்டது என்றும் காலாண்டு அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. வொலிஷன் இனி எம்பிரேசரின் இன்னொரு நிறுவனமான கியர்பாக்ஸின் கீழ் செயல்படும் என்பதும் அதே அறிக்கையில் இருந்த செய்தி. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டவர்களுக்கு: ஸ்டுடியோ தொடர்ந்து இயங்குகிறது என்பதே எனக்குப் போதும்.

14 மே 2023

சன்ஷைன் ஸ்பிரிங்ஸ் என்ற புதிய வட்டாரத்தை இலவசமாகச் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அழகான இடம். நகரத்தை வரைபவர்களின் கை ஒருபோதும் சோடை போகவில்லை என்று மீண்டும் தோன்றியது. புதிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

1 செப்டம்பர் 2023

வொலிஷன் மூடப்பட்டுவிட்டது. நேற்று, ஆகஸ்ட் 31 அன்று, உடனடியாக.

1993-இல் பாராலாக்ஸ் என்ற பெயரில் தொடங்கி டிசென்ட் விளையாட்டை உருவாக்கியவர்கள். பிறகு இரண்டாகப் பிரிந்து இல்லினாய் மாநிலத்தின் சாம்பெயின் நகரில் வொலிஷன் ஆனார்கள். ஃப்ரீஸ்பேஸ், சம்மனர், ரெட் ஃபாக்ஷன் ஆகியவை அவர்கள் தந்தவை. கட்டடத்தின் எந்தச் சுவரைத் தட்டினால் கூரை எந்தப் பக்கம் சரியும் என்று 2009-இன் ரெட் ஃபாக்ஷன்: கெரில்லாவில் நான் கற்றுக்கொண்டதை அதன் பிறகு வேறு எந்த விளையாட்டும் எனக்குக் கற்றுத் தரவில்லை. முப்பது ஆண்டுகள்.

சென்ற ஆண்டு கேள்வி எழுப்பிய நண்பர் இன்று மீண்டும் எழுதியிருக்கிறார்: “விமர்சகர்கள் கொன்றுவிட்டார்கள்.” அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை. இந்த மே மாதத்தில், ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்புள்ள ஓர் ஒப்பந்தம் கடைசி நேரத்தில் கைநழுவியதாக எம்பிரேசர் அறிவித்தது. ஜூன் மாதத்தில் செலவுக் குறைப்பும் மறுசீரமைப்பும் தொடங்கின. பல ஆண்டுகளாக ஸ்டுடியோக்களை வாங்கிக் குவித்த ஒரு குழுமம், பணம் வராது என்றானதும் யாரை விடுவது என்று கணக்குப் பார்த்தது. ஒரு விமர்சகர் 6 கொடுத்தாரா 7 கொடுத்தாரா என்பதிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வொலிஷன் எந்த இடத்தில் நின்றது என்பதற்கும் சென்ற ஆண்டு வரவேற்புக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இதே ஸ்டுடியோ முன்பொரு முறை தப்பியிருக்கிறது. 2012 டிசம்பரில் அதன் அப்போதைய உரிமையாளரான டிஎச்க்யூ நிறுவனம் திவாலானபோது, அடுத்த மாத ஏலத்தில் காக் மீடியா என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் 2.23 கோடி டாலர் கொடுத்து வொலிஷனை வாங்கியது. அப்போது கையில் நான்காம் பாகம் இருந்தது, மூன்றாம் பாகத்தின் புகழும் இருந்தது. இந்த முறை கையில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு வருத்தம். செயின்ட்ஸ் ரோ 2-இன் கணினிப் பதிப்பு வந்த நாள் முதலே மோசமானது. தொலைந்துபோன அதன் மூல நிரல் மீண்டும் கிடைத்துவிட்டது, சரிசெய்து தருகிறோம் என்று 2019-இல் அறிவித்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பேட்ச் வரவில்லை.

10 செப்டம்பர் 2023

இந்த மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு 2022 செயின்ட்ஸ் ரோ கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொடரின் வேறு எந்தப் பாகத்தையும் அறியாத என் நண்பன் ஒருவன் அதை இறக்கி விளையாடத் தொடங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தேன். சென்ற செப்டம்பரில் எனக்குள் எழுந்த கேள்விக்கு அவன்தான் பதில் சொன்னான்.

முதல் ஐந்து மணி நேரம் அவனுக்குக் கொண்டாட்டம். பக்கவாட்டில் இடிக்கும் பொத்தானை விடவே இல்லை. காப்பீட்டு மோசடியில் ஒரே சந்திப்பில் நின்று அரை மணி நேரம் விழுந்து எழுந்தான். மதிப்பெண் என்ன என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும், இது 80 பெற வேண்டிய விளையாட்டு என்றான். பெயரின் பாரத்தை எடுத்துவிட்டால் இது எவ்வளவு இலகுவாக ஆகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. என் மனக்குறைகள் எல்லாம் பழைய நினைவின் வேலைதான் என்று ஒப்புக்கொள்ளவும் தயாராகிவிட்டேன்.

பிறகு நீனாவின் கார் கட்டம் வந்தது. அவன் கருவியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “போன மிஷனில் நாற்பது பேரைக் கொன்றோம். அதற்கு ஒருவர் முகமும் வாடவில்லை. காருக்காகவா இவ்வளவு?” என்று கேட்டான்.

கார்லோஸ் யார் என்று அவனுக்குத் தெரியாது. 2008-இல் அவன் எந்த விளையாட்டையும் விளையாடவில்லை.

செப்டம்பர் 12, 2022 குறிப்பை நான் மாற்றப்போவதில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து எழுதிய சந்தேகத்தில், நினைவைப் பற்றிய வரிகளை மட்டும் நீக்கிப் படிக்கவும்.

13 செப்டம்பர் 2023

எதிலிருந்து தொடங்குவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்பாக்ஸ் இருந்தால் செயின்ட்ஸ் ரோ 2. பழைய வட்டு இன்றைய கருவிகளிலும் ஓடும். கணினி மட்டுமே இருந்தால் மூன்றாம் பாகத்தின் 2020 மெருகூட்டிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 2022-க்கு வாருங்கள். வந்தால் கதாபாத்திர வடிவமைப்புக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதற்கு அது தகுதியானது.

இரண்டாம் பாகத்தில் மூன்று கும்பல்களின் கதைகளையும் மாற்றி மாற்றி விளையாட முடியும். பிரதர்ஹுட் கதையை மட்டும் அப்படிப் பிரிக்காமல், மேரோ 20 சதவீதம் பேசும் காட்சியிலிருந்து கார்லோஸின் சங்கிலி வரை ஒரே அமர்வில் விளையாடுங்கள்.